வளையும் பிளாஸ்டிக் குழாயை வீட்டில் எங்கே போடலாம், எங்கே கூடாது?

நீங்கள் கேட்டது இது. தென்காசிப் பக்கம் தரைத்தளமும் முதல் தளமுமாகப் புது வீடு கட்டுகிறீர்கள். பிளம்பர், சுடுதண்ணீரும் தாங்கும் விறைப்பான பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய்க்குக் கணக்குக் கொடுத்திருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் தம்பி, "இங்கெல்லாம் பெக்ஸ்தான் போடுகிறார்கள், மூட்டே இல்லாமல் வளைத்துக்கொண்டு போய்விடலாம், அதையே போடு" என்கிறார். கடைக்காரரோ நடுவில் அலுமினியத் தகடு வைத்த காம்போசிட் குழாயை எடுத்துக் காட்டுகிறார். பின்புறம் அம்மா இருக்கும் பழைய வீட்டில் ஜி.ஐ. என்னும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் துருப்பிடித்துக் காலையில் செந்தண்ணீர் வருகிறது. டைல்ஸை உடைக்காமல் அதை மாற்ற வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வீட்டின் சுவருக்குள் சி.பி.வி.சி. இருக்கட்டும். அம்மா வீட்டுக்குக் காம்போசிட் போடுங்கள். போர்வெல்லில் இருந்து தொட்டிக்கு ஏற்றும் வழிக்கு, கெட்டிப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன கருப்பு எச்.டி.பி.இ. ஓஸ் சரியாக இருக்கும். பெக்ஸ் நல்ல குழாய், தம்பி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குத் தண்ணீர் வரும் விதம் வேறு, உங்கள் வீட்டுக்கு வரும் விதம் வேறு. குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போகிற விஷயம் இதுதான்.

அமெரிக்க வீடுகளில் தெருக் குழாயே நேராக வீட்டுக்குள் வருகிறது. அதில் அழுத்தம் பொதுவாக 3 பாரில் இருந்து 5 பார் வரை இருக்கும். நம் வீட்டில் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து தன் எடையால் இறங்குகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார். உங்கள் தொட்டியை மாடித் தளத்தில் ஒரு மீட்டர் பீடத்தின் மேல் வைத்தால், முதல் தளக் குளியலறையில் 7 அடி உயரத்தில் இருக்கும் ஷவருக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 2 மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.2 பார். தரைத்தளத்து ஷவருக்கு 0.5 பார் கிடைக்கும். கடையில் விற்கும் எந்தத் தரமான குழாயும் 6 பார், 10 பார் என்று தாங்கும். உங்கள் வீட்டில் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கப் போவதில்லை. அந்தச் சொற்ப அழுத்தத்தைக் குழாயும் அதன் மூட்டுகளும் வழியிலேயே தின்றுவிடுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் உள்விட்டம் வருகிறது. 'அரை இஞ்ச்' என்ற பெயர் எல்லாக் குழாய்க்கும் ஒன்றே, உள்ளே உள்ள துவாரம் ஒன்றல்ல. அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அரை இஞ்ச் பெக்ஸின் உள்விட்டம் 12.3 மில்லிமீட்டர்தான். சி.பி.வி.சி.யும் கிட்டத்தட்ட அதே அளவு. பார்வைக்குச் சிறிய வித்தியாசம். ஆனால் ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்துக்கு, பின்னதில் ஓடும் தண்ணீர் முன்னதில் ஓடுவதில் பாதி அளவே இருக்கும். பழைய ஜி.ஐ.யை எடுத்துவிட்டு அதே பெயர் அளவில் பிளாஸ்டிக் போட்டவர்கள், "புதுக் குழாய் போட்ட பிறகு தண்ணீர் மெதுவாக வருகிறது" என்று என்னிடம் சொல்வதற்கு இதுவே காரணம்.

பெக்ஸிலும் காம்போசிட்டிலும் இன்னொரு இறுக்கம் உண்டு. சி.பி.வி.சி.யில் எல்போவும் டீயும் குழாயின் வெளிப்புறத்தைக் கவ்விக்கொள்கின்றன, உள்துவாரம் குறைவதில்லை. பெக்ஸில் மூட்டின் தண்டு குழாய்க்கு உள்ளே நுழைகிறது. அரை இஞ்ச் பெக்ஸில் அந்தத் தண்டின் துவாரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 4 பார் அழுத்தம் உள்ள வீட்டில் இதை யாரும் உணரமாட்டார்கள். 0.2 பாரில் ஒவ்வொரு மூட்டும் ஷவரில் தெரியும். மாடியில் பிரஷர் பம்ப் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு மாறும். வைக்கவில்லை என்றால், தொட்டியைப் படிக்கட்டு அறையின் கூரைமேல் ஏற்றிவிடுங்கள். இன்னும் இரண்டு, இரண்டரை மீட்டர் உயரம் கிடைக்கும், மேல்தளத்து அழுத்தம் இரட்டிப்பாகும். எந்தக் குழாயை வாங்கினாலும் இதைவிட மலிவான, பலனுள்ள மாற்றம் வேறு இல்லை. ஆனால் கூரை அந்த எடையைத் தாங்குமா என்று உங்கள் பொறியாளரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்: 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

சரி, பெக்ஸ் என்பது என்ன? சாதாரணப் பாலிஎத்திலீனில் மூலக்கூறுகள் நூல்கண்டு பிரிந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சூடு ஏறினால் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு நகரும், குழாய் தொய்ந்துவிடும். 1960களில் தாமஸ் எங்கல் என்ற ஜெர்மானியர், பெராக்சைடு சேர்த்து அந்த நூல்களைக் குறுக்கே பிணைக்கும் முறையைக் கண்டார். மீன்வலையில் முடிச்சுப் போட்டதுபோல நூல்கள் இடம்விட்டு நகரமுடியாமல் போயின. குழாய் வளையும், ஆனால் சூட்டில் உருகாது. 82 டிகிரி செல்சியசில் 100 பி.எஸ்.ஐ. (ஏறக்குறைய 7 பார்) அழுத்தத்தைத் தாங்கும் குழாயாக இது விற்கப்படுவது அந்த முடிச்சுகளால்தான். அதே முடிச்சுகளால் இதைச் சொல்யூஷன் போட்டு ஒட்டவும் முடியாது, உருக்கி இணைக்கவும் முடியாது. வளையத்தை இறுக்கியோ, குழாயை விரித்துச் சுருங்கவிட்டோதான் மூட்டுப் போட முடியும், அதற்கென்று தனிக் கருவி வேண்டும். ஏ, பி, சி என்று மூன்று வகை சொல்வார்கள். அவை பிணைக்கும் முறையைக் குறிக்கும் எழுத்துகள், முதல் தரம், இரண்டாம் தரம் என்ற வரிசை அல்ல. சிவப்பு, நீலம் என்ற நிறங்களும் சூடு, குளிர் வழிகளை அடையாளம் காணத்தான், பிளாஸ்டிக் ஒன்றே.

தம்பியின் ஊரில் பெக்ஸ் வெற்றி பெற்றதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அங்கே வீடு மரச்சட்டத்தால் ஆனது, சுவருக்குள் வெற்றிடம் இருக்கிறது. சுருளாக வரும் குழாயை மின்கம்பி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு பொதுப் பகிர்வுக் கட்டையில் இருந்து ஒவ்வொரு குழாய் வாய்க்கும் தனித்தனி வழி, இடையில் மூட்டே கிடையாது. குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்தாலும் பெக்ஸ் சற்று விரிந்து கொடுத்துத் தப்பிக்கும், செம்புக் குழாய் பிளந்துவிடும். நமக்கு ஊட்டியில்கூட உறைபனி புல்வெளியோடு நின்றுவிடுகிறது. நம் சுவரோ செங்கல்லும் சிமெண்ட்டும். காடி வெட்டி, குழாயைப் பதித்து, மேலே பூசுகிறோம். அப்படிப் பதித்த பெக்ஸ் சூட்டில் நீளவும் சுருங்கவும் இடம் இல்லாமல் தவிக்கும், நாளை மாற்றவும் முடியாது. நெளிவுள்ள உறைக்குழாய் ஒன்றைப் பதித்து அதற்குள் பெக்ஸை விட்டால் அது முறையான வேலை. பழுதானால் பழையதை உருவிவிட்டுப் புதியதை நுழைக்கலாம். உங்கள் பிளம்பர் அப்படிச் செய்து பழகியிருந்து, கருவியும் கையில் இருந்து, உதிரி மூட்டுகள் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைத்தால் நான் தடுக்கமாட்டேன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். இரவில் ஒரு மூட்டு ஒழுகினால் மதுரையில் இருந்து உதிரிப்பாகம் வரும்வரை தொட்டியை அடைத்து வைத்திருக்க முடியாது.

வளையும் குழாயின் வரலாற்றில் ஒரு பெரிய தோல்வியும் இருக்கிறது, தம்பியிடம் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்கலாம். பெக்ஸுக்கு முன்னால் அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாயை லட்சக்கணக்கான வீடுகளில் போட்டார்கள். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் குடிநீரில் கலக்கும் குளோரின் அந்தக் குழாயையும் அதன் பிளாஸ்டிக் மூட்டுகளையும் உள்ளிருந்தே அரித்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் விரிசல் விடும். கடைசியில் 1995இல் 95 கோடி டாலர் ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்தார்கள். இன்றைய பெக்ஸ் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, குளோரின் தாங்கும் சோதனையையும் கடந்து வருகிறது. ஆனாலும் எந்தக் குழாயையும் அதற்குள் ஓடப்போகும் தண்ணீரோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். உங்கள் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், துத்தநாகம் அதிகமுள்ள மலிவான பித்தளை மூட்டுகளில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மூட்டின்மேல் வெள்ளைத் தூள் படியும், பிறகு பித்தளை பஞ்சுபோல் நொறுங்கும். பெக்ஸும் காம்போசிட்டும் பித்தளை மூட்டை நம்பி இருப்பவை. எனவே உப்புத் தண்ணீர் வீட்டில் குழாயில் மிச்சம் பிடித்தாலும் மூட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை என்று கேட்டே வாங்குங்கள்.

இனி அம்மா வீடு. வளையும் குழாய்க்கு நம் ஊரில் உண்மையான இடம் இதுபோன்ற வேலைதான். சுவரை உடைக்காமல், மேலாகவே கிளிப் அடித்து, தொட்டியில் இருந்து குளியலறை, சமையலறை என்று ஒரே இழுப்பில் கொண்டுபோகலாம். பெக்ஸைச் சுவரில் அடித்தால் அது பாம்புபோல் நெளிந்து நிற்கும், சுருளின் நினைவு அதைவிட்டுப் போகாது. காம்போசிட்டில் உள்ள அலுமினியம் வளைத்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும், நேராக்கினால் நேராக நிற்கும். சூட்டில் நீள்வதும் குறைவு. 10 மீட்டர் குழாயில் தண்ணீர் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் பெக்ஸ் 5 சென்டிமீட்டர் நீளும். சி.பி.வி.சி. 2 சென்டிமீட்டர். காம்போசிட் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.

காம்போசிட்டின் அளவு 1216, 1620, 2025, 2532 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்கள் உள்விட்டம், அடுத்தவை வெளிவிட்டம், மில்லிமீட்டரில். கடையில் 1216ஐத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தளம் ஒன்றே உள்ள வீட்டில், தொட்டி உயரம் குறைவு என்பதால், பிரதான வழிக்கு 2025, கிளைகளுக்கு 1620 போடுங்கள். குழாயின் மேல் ஐ.எஸ். 15450 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுடுதண்ணீர் வழிக்கு உள் அடுக்கு பெக்ஸாக இருக்கும் வகையைக் கேளுங்கள்.

காம்போசிட் வேலையில் எல்லாமே மூட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று அழைத்தார்கள். போட்டு மூன்று ஆண்டு ஆன குழாய். சுவரை உடைத்துப் பார்த்தபோது குழாய் புதிதுபோல் இருந்தது. அதை ஆக்ஸா பிளேடால் கோணலாக அறுத்து, ஓரத்தைச் சீவாமல், அப்படியே மூட்டில் திணித்திருந்தார்கள். கூரான ஓரம் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை வெட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர் மூன்று ஆண்டில் அறையின் பாதிப் பூச்சைத் தின்றுவிட்டது. மூட்டைச் சுவருக்குள் புதைத்ததும் தவறு. ஆகவே நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயைக் கத்தரிக்கருவியால் செங்கோணத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய வாயை ரீமர் விட்டு வட்டமாக்கி, உள்ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டும். நட்டையும் பிளவு வளையத்தையும் முன்பே குழாயில் கோத்துக்கொண்டு, தண்டில் உள்ள இரண்டு ரப்பர் வளையங்களும் பிளாஸ்டிக் வாஷரும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து நுழைக்க வேண்டும். அந்தச் சிறிய வாஷர் பித்தளையும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு அரிக்காமல் தடுப்பது, அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். இறுக்கமாக வளைக்கும் இடத்தில் வளைக்கும் ஸ்பிரிங் போட்டுத்தான் வளைக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது, வெட்டி எறிந்துவிட வேண்டும். நட்டு உள்ள மூட்டு எதையும் டைல்ஸுக்குப் பின்னால் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குழாய் ஒரு கம்பெனி, மூட்டு ஒரு கம்பெனி என்று கலக்கவும் வேண்டாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும் ஒழுகுவதற்கு. வேலை முடிந்ததும் நான்கைந்து உதிரி மூட்டுகளை வாங்கி ஒரு பையில் கட்டி வீட்டிலேயே வையுங்கள்.

பாலிஎத்திலீன் குடும்பத்துக் குழாய்களுக்கு எல்லாம் பொதுவாகச் சில பகைகள் உண்டு. முதல் பகை வெயில். பெக்ஸை மொட்டை மாடி வெயிலில் சில மாதம் விட்டால் அதன் ஆயுளே குறையும், வெள்ளையாக விற்கும் காம்போசிட்டையும் மூடித்தான் வைக்க வேண்டும். எச்.டி.பி.இ. ஓஸ் கருப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள இரண்டு, இரண்டரை சதவீதக் கார்பன் கரி. வெயிலைத் தாங்கிக்கொள்ள அது போதும். அதனால்தான் போர்வெல் வாயில் இருந்து மாடிவரை அதைத் திறந்தவெளியில் ஏற்றலாம் என்கிறேன். அதற்கு ஐ.எஸ். 4984 பாருங்கள். வாசனை அடிக்கும், நகம் பட்டால் கறுப்பு ஒட்டும் மறுசுழற்சி ஓஸைத் தொடாதீர்கள்.

அடுத்தது எலியும் அணிலும். வளையும் குழாய் அவற்றின் பல்லுக்கு மெதுவாக இருக்கும். பொய்க்கூரைக்கு மேலே, ஓடு வேய்ந்த இறவாரத்துக்கு அடியில் கொண்டுபோகும் வழிகளை ஒரு பெரிய பி.வி.சி. குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோவது நல்லது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: கரையான் மருந்து. அடித்தளத்திலும் தரைமட்டத்திலும் மருந்து ஊற்றித்தான் இன்று வீடு கட்டுகிறோம். மருந்தில் உள்ள எண்ணெய்க் கரைப்பான்களும் மண்ணெண்ணெயும் பாலிஎத்திலீன் சுவரை ஊடுருவிக் குடிநீருக்குள் வந்துவிடும். குழாயில் ஓட்டை வேண்டியதில்லை. ஆகவே குடிதண்ணீர் வழியை மருந்து பட்ட மண்ணுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் புதைக்காதீர்கள். தரைமட்டத்துக்கு மேலே சுவர்வழியாகச் சுற்றிக்கொண்டு போகட்டும். சில அடிக் குழாய் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

கீசருக்கு வருகிறேன். கீசரில் இருந்து வெளியே வரும் முதல் ஒன்றரை அடியைப் பிளாஸ்டிக்கில் போடாமல் உலோகத்தில் போடுங்கள். மாடியில் சூரியசக்தி வெந்நீர்த் தொட்டி வைத்தால் இன்னும் கவனம் தேவை. யாரும் பயன்படுத்தாத மே மாதத்து நாளில் அதில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். சி.பி.வி.சி.யும் பெக்ஸும் 93 டிகிரி வரைக்கும் என்று சொல்லி விற்கப்படுபவை, அதற்குமேல் எதற்கும் உறுதி இல்லை. வெந்நீர்த் தொட்டியில் இருந்து முதல் சில மீட்டர் உலோகக் குழாய், பிறகு குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு, அதன் பிறகு சி.பி.வி.சி. என்று போடச் சொல்லுங்கள். குளிர்நீருக்கு மட்டுமே ஆன யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயைச் சுடுதண்ணீர்ப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

கீசருக்குள் தண்ணீர் நுழையும் வாய், வாஷ்பேசின், கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றின் கீழே இருக்கும் ஒன்றரை அடி கனெக்ஷன் பைப்பும் வளையும் பிளாஸ்டிக் குழாய்தான். வீட்டில் வெள்ளம் புகுந்த கதைகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த வெள்ளைப் பி.வி.சி. துண்டு சூட்டில் இளகிக் கழன்றதால் வந்தவை. வெளியே ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர், இரு முனையிலும் பித்தளை நட்டு உள்ளதை வாங்கிப் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெளியூர் போகும்போது குளியலறை வால்வை அடைத்துவிட்டுப் போங்கள்.

புது வீட்டுக்கு உங்கள் பிளம்பர் கொடுத்த சி.பி.வி.சி. கணக்கில் ஒரு திருத்தம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். தொட்டியில் இருந்து இறங்கும் வழி ஒன்றேகால் இஞ்ச், குளியலறை வாசல்வரை ஒரு இஞ்ச், அறைக்குள் முக்கால் இஞ்ச், கடைசியில் குழாய் வாய்க்கு ஏறும் துண்டு மட்டும் அரை இஞ்ச். ஐ.எஸ். 15778 அச்சு இருக்கட்டும். சொல்யூஷன் காய ஒரு முழு நாள் விடுங்கள், அன்றே தண்ணீர் திறக்க அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டு வீட்டிலும், பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்னால், எல்லா வாய்களையும் அடைத்துக் கைப்பம்பால் 10 பார் ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். பிளம்பர்கள் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு "ஒழுகவில்லை" என்பார்கள், 0.2 பாரில் ஒழுகாதது எதையும் நிரூபிக்காது. பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நின்றால், சுவரில் அளவுநாடாவை விரித்துப் பிடித்து ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும். அம்மா வீட்டில் புதுக் குழாயைத் திறந்த முதல் ஒரு வாரம், இரவு முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரைக் காலையில் ஒரு வாளி பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு அதன் பிறகு குடிக்க எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வாசனை அதற்குள் போய்விடும்.